வெள்ளம் பார்க்க வந்தவர்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல் மாணவி, ராயகிரி)

நாட்டில் எங்கேனும் புயல் வீசினாலும், ஆறு கரை உடைத்தாலும், இரயில் கவிழ்ந்தாலும் மறுநாள் நாளேட்டில் இரண்டு படங்கள் தவறாமல் வருவதைக் காண்கிறோம். ஒன்று, இடுப்பளவு நீரில் தலையில் மூட்டையோடு நிற்கும் ஒருவரின் படம். மற்றொன்று, அவரைப் பார்க்க வந்த தலைவரின் படம். முதற்படத்தில் இருப்பவருக்குப் பெயர் போடுவதில்லை. இரண்டாவது படத்திலோ தலைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் எட்டிப் பார்ப்பவருக்கும் பெயர் உண்டு.

அந்த இரண்டாவது படத்தைப் பற்றி எழுதவே விரும்புகிறேன். பேரிடர் நிகழ்ந்த இடத்திற்கு அமைச்சர்களையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் கட்சித் தலைவர்களையும் அனுப்புகிறார்களே, எதற்காக? அதிகாரிகள் இல்லையா? மீட்புப் படையினர் இல்லையா? படகு ஓட்டத் தெரியாதவரும், மின்கம்பம் நட அறியாதவரும், ஊசி போடக் கல்லாதவருமான ஒருவர் அங்கே போய்ச் செய்வது என்ன? அனுப்புகிறவரின் உள்ளத்தில் இருப்பது இரக்கமா, கணக்கா? கணக்குத்தான் என்றால் அது குற்றமா?

இயற்பியல் படிக்கும் பெண்ணுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கக்கூடும். 2023 டிசம்பரில் எங்கள் அத்தை வீட்டில் கண்டதும் கேட்டதும்தான் காரணம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆற்றங்கரையில் ஒரு பகல்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. தென்மாவட்டங்கள் நான்கிலும் விடாது மழை. மறுநாள் காலை எட்டரை மணிவரையிலான இருபத்துநான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட அதிகமாகக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டிவிட்டது. தாமிரபரணி பெருக்கெடுத்தது. குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு இரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஏறத்தாழ எண்ணூறு பயணிகளோடு நின்றுவிட்டது. அப்பால் தண்டவாளத்தின் அடியில் மண்ணும் சல்லியும் அடித்துச் செல்லப்பட்டு, இரும்பு மட்டும் அந்தரத்தில் தொங்கியது. வெளியுலகின் உதவி வந்து சேரும்வரை அந்தப் பயணிகளுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தவர்கள் பக்கத்து ஊர் மக்கள். அவர்களை யாரும் அனுப்பவில்லை.

எங்கள் அத்தையை ஸ்ரீவைகுண்டத்திற்குக் கிழக்கே ஆற்றோரத்து ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மூன்று நாள் தொலைபேசியில் பேச முடியவில்லை. பேருந்து ஓடத் தொடங்கியதும் அப்பா புறப்பட்டார். நான் அப்போது பிளஸ் டூ. "நீயும் வா, எழுதிக் குடுக்க ஆள் வேணும்" என்று என்னையும் அழைத்துக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் மனு எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பயணத்தில் என் சாமான்கள் இரண்டு பேனாவும் ஒரு குயர் வெள்ளைத் தாளும்.

சங்கரன்கோவில், திருநெல்வேலி வழியாகப் போய்ச் சேர்ந்தபோது ஊரே பள்ளிக்கூடத்தில் இருந்தது. வீட்டுச் சுவரில் என் தோளுக்கு மேலே சேற்றுக்கோடு. நெல் குலுக்கை உருண்டு கிடந்தது. அத்தை வளர்த்த ஐந்து ஆடுகளில் மூன்று கொட்டிலிலேயே செத்துக் கிடந்தன. இரண்டை ஆறு கொண்டுபோயிருந்தது.

அன்று பள்ளிக்கூடத்தில் ஒரே பரபரப்பு. பெரியவர் ஒருவர் பார்வையிட வருகிறார் என்றார்கள். அவர் யார், எந்தக் கட்சி, எந்த அரசைச் சேர்ந்தவர் என்பதை நான் எழுதப்போவதில்லை. எல்லாக் கட்சியிலும் அப்படி ஒருவர் உண்டு. பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர் பிற்பகல் மூன்று மணிக்கு வந்தார். சாப்பாட்டுப் பொட்டலங்கள் பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டன. ஆனால் பெரியவர் கையால் கொடுக்கவேண்டும் என்று அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். குழந்தைகள் அழுதன. சாம்பார் வாடை சன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. அவர் வந்து ஏழெட்டுப் பேருக்குக் கொடுத்தார். படம் எடுத்தார்கள். ஒரு பாட்டியின் தோளில் கை வைத்தார். பாட்டி ஏதோ சொன்னாள், தலையசைத்தார். இருபது நிமிடத்தில் வண்டிகள் போய்விட்டன.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. "இவங்க எதுக்கு அத்தை வாறாங்க? வராம இருந்தா பன்னெண்டு மணிக்கே சாப்பிட்டிருக்கலாமே" என்றேன். அத்தை சிரித்தாள். "மருமவளே, நீ இன்னைக்குத்தான் வந்திருக்க. ஆறு நாளா இந்தத் தெருவுல கரண்டு கெடையாது. இவுக வாறாவன்னு சொன்ன பெறவுதான் நேத்து ராத்திரி கம்பத்துல ஆள் ஏறுனான். இவுக வராட்டா அதுவும் கெடையாது. வந்தாவ, பாத்தாவ, போனாவ. அந்தப் போஸ்டு வெளக்கு எரியுது, பாத்தியா?"

எனக்குப் பதில் இல்லை. அந்த விளக்குக்கும் பூட்டிய அறைக்கும் இடையே எங்கோதான் என் கேள்விக்கு விடை இருக்கிறது என்று பட்டது. கல்லூரிக்கு வந்தபின் நூலகத்தில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

சட்டத்தில் அவருக்கு நாற்காலி உண்டா?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன்படி தேசிய ஆணையத்திற்குப் பிரதமரும், மாநில ஆணையத்திற்கு முதலமைச்சரும், மாவட்ட ஆணையத்திற்கு ஆட்சியரும் தலைவர்கள். வண்டியைக் கைப்பற்றவும், கட்டடத்தைத் திறக்கவும், மக்களை வெளியேற்றவும் ஆணையிடும் அதிகாரம் ஆட்சியர் கையில் இருக்கிறது. பார்வையிட வரும் அமைச்சருக்கென்று தனி நாற்காலி எதுவும் அச்சட்டத்தில் இல்லை. ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினத்தில் நிகழ்ந்த சீரமைப்புப் பணியை இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அங்கே முதலில் நினைவுக்கு வரும் பெயர், தஞ்சையிலிருந்து ஆட்சியராக மாற்றப்பட்டு வந்த ஜெ. இராதாகிருஷ்ணன் அவர்களின் பெயர்தான்.

பணத்திற்கும் ஒரு வழி வகுத்திருக்கிறார்கள். மாநிலப் பேரிடர் நிதியில் மத்திய அரசின் பங்கு நான்கில் மூன்று. நம்மைப் போன்ற மாநிலங்களின் பங்கு நான்கில் ஒன்று. அது போதாவிடில் தேசிய நிதியிலிருந்து கேட்கலாம். அதற்கு முதலில் அதிகாரிகள் அடங்கிய மத்தியக் குழு வந்து பார்க்கவேண்டும், அறிக்கை தரவேண்டும், உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்நிலைக் குழு முடிவு செய்யவேண்டும். மேடைகளில் அடிக்கடி முழங்குகிறார்களே, "தேசியப் பேரிடராக அறிவி" என்று, அப்படி அறிவிப்பதற்கு இந்தச் சட்டத்தில் பிரிவே இல்லை என்பது எனக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

ஆகவே அரசியல்வாதி போகாவிட்டாலும் எந்திரம் ஓடவேண்டும் என்பதே ஏட்டில் உள்ள ஏற்பாடு. ஏட்டில் ஓடும் எந்திரம் எங்கள் அத்தை தெருவில் ஆறு நாள் ஓடவில்லை. அந்த இடைவெளியில்தான் அரசியல்வாதி வந்து நிற்கிறார்.

ஹூவரை அனுப்பிய கதை

தலைவர் தாம் போகாமல் இன்னொருவரை அனுப்புவதற்கு உலக வரலாற்றில் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவில் இருக்கிறது. 1927 ஏப்ரலில் மிசிசிப்பி ஆறு கரைகளை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். குடியரசுத் தலைவர் கூலிட்ஜை நேரில் வருமாறு ஆளுநர்கள் பலமுறை வேண்டினர். அவர் போகவில்லை. தம் அமைச்சரவையில் வணிகத்துறையைக் கவனித்துவந்த ஹெர்பர்ட் ஹூவரைத் துயர் துடைப்புப் பணிக்குத் தலைவராக்கி அனுப்பினார்.

அனுப்பியவருக்கு இதில் என்ன நன்மை? போனால், "அரசு பணம் கொடு" என்ற கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லவேண்டும். அமைச்சர் போனால், கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று திரும்பிவிடலாம். நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் நாட்டாமை வராமல் தம்பியை அனுப்புவதுபோல. போனவருக்கு என்ன நன்மை? ஹூவர் இரயிலில் ஊர் ஊராகச் சென்றார். செஞ்சிலுவைச் சங்கத்திற்கு வானொலியில் நிதி கேட்டார். முகாம்களைத் திறம்படவே நடத்தினார் என்று எழுதியிருக்கிறார்கள். நாள்தோறும் செய்தித்தாளில் அவர் பெயர். மறு ஆண்டு, 1928-இல், அவரே குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கதை இத்துடன் முடிந்தால் நல்ல கதை. ஆனால் அந்த முகாம்களில் ஒரு பகுதி வேறு மாதிரி இருந்தது. கிரீன்வில் முதலிய இடங்களில் கறுப்பினக் கூலி உழவர்களைக் கரைமேல் முகாம்களில் அடைத்து, வெளியேற விடாமல் காவல் வைத்து, வேலை வாங்கினர். அவர்கள் போய்விட்டால் பருத்திக் காட்டுக்கு ஆள் கிடைக்காது என்பது நிலக்கிழார்களின் அச்சம். செய்தி வெளியே கசிந்ததும் ஹூவர், இராபர்ட் மோட்டன் என்ற கறுப்பினக் கல்வியாளர் தலைமையில் ஒரு குழு அமைத்தார். குழு கண்டதைச் சொல்லிற்று. தேர்தல் நெருங்குகிறது, இப்போது பெரிதுபடுத்தவேண்டாம், பதவிக்கு வந்ததும் உங்கள் மக்களுக்கு வேண்டியதைச் செய்கிறேன் என்ற நம்பிக்கை அவர்களுக்கு ஊட்டப்பட்டது. அந்த நம்பிக்கை நிறைவேறவில்லை. ஒரே மனிதர், ஒரே பணி. ஒரு பக்கம் இலட்சக்கணக்கானோருக்கு உணவும் கூடாரமும். மறு பக்கம், தமக்குக் கேடு விளைவிக்கும் உண்மையை மூடிவைத்தல். இரண்டையும் செய்ய வைத்தது ஒரே நோக்கமே. நோக்கம் அரசியல் என்று தெரிந்ததனால் மட்டும் ஒரு செயலை நல்லது என்றோ கெட்டது என்றோ தீர்ப்புச் சொல்லிவிட முடியாது என்று எனக்குப் புரிந்த இடம் இது.

போகாமலிருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் போலா புயல் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. சீனப் பயணம் முடித்துத் திரும்பிய யாஹ்யாகான் விமானத்திலிருந்து பார்த்துவிட்டுப் போனார். உதவி மெதுவாக நகர்ந்தது. அடுத்த மாதமே தேர்தல். கிழக்கிலிருந்த 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ முஜிபுர் இரகுமானின் அவாமி லீக் வென்றது. மறு ஆண்டு அந்த நாட்டின் பெயரே வங்கதேசம் ஆயிற்று. புயல் ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வானத்திலிருந்து பார்த்தவரை மண்ணில் நின்றவர்கள் மறக்கவில்லை.

நம் பக்கத்தில்

நம் நாட்டு நிகழ்ச்சிகளில் மிகவும் தலைகுனிய வைத்தது 2013 ஜூனில் உத்தரகாண்டில் நடந்ததாகும். கேதார்நாத்தில் வெள்ளமும் மண்சரிவும் யாத்திரிகர்களை விழுங்கியபின் ஒவ்வொரு மாநிலமும் தன் மக்களை மீட்கத் தன் ஆட்களை அனுப்பிற்று. முக்கியப் பிரமுகர்கள் வரவேண்டாம், மீட்புப் பணி தடைப்படும் என்று உள்துறை அமைச்சர் ஷிண்டே கேட்டுக்கொண்டார். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. டேராடூன் விமான நிலையத்தில் ஆந்திர யாத்திரிகர்களை யார் விமானத்தில் ஏற்றிச்செல்வது என்று காங்கிரஸ், தெலுங்கு தேசம் ஆகிய இரு கட்சிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள், பல நாள் பட்டினி கிடந்து வந்த அந்த யாத்திரிகர்களின் கண்ணெதிரிலேயே கைகலந்தார்கள். மீட்கப்பட்டவரை "என் கணக்கில் எழுது" என்று இரு கடைக்காரர் சண்டையிட்டதுபோல.

நம் மாநிலம் மட்டும் என்ன? 2015 டிசம்பர்ச் சென்னை வெள்ளத்தில், தன்னார்வலர்கள் கொண்டுவந்த பொருள்கள்மீதும் முதலமைச்சரின் படம் ஒட்டப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டு நாடெங்கும் பேசப்பட்டது. 2018 நவம்பர் கஜா புயலில், தென்னை சாய்ந்து நின்ற டெல்டா மக்கள் பார்வையிட வந்த அமைச்சர்களைச் சாலையில் மறித்தார்கள். முதலமைச்சரின் ஹெலிகாப்டர் பயணம் வானிலையால் பாதியில் திரும்பியதும், "தரையில் வரக்கூடாதா?" என்ற கேள்வி எழுந்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் காட்சிகள் மாறுவதில்லை. நடிகர்கள் மாறுகிறார்கள், அவ்வளவே.

ஆனால் வேறு வகையும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலில் மீனவர்களை அள்ளிச் சென்றது. கணவர் எங்கே, மகன் எங்கே என்று கரையில் நின்றவர்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. விழிஞ்ஞத்தில் கேரள முதலமைச்சரைச் சூழ்ந்துகொண்டு முழக்கமிட்டார்கள். மறுநாள் அதே இடத்திற்கு வந்த பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் கைகூப்பித் தமிழில் பேசினார். கூட்டம் அமைதியடைந்தது. கடற்படையும் கடலோரக் காவற்படையும் அவர் துறையின் கீழ் இருந்தன. பேசுகிறவர் கையில் கப்பல் இருக்கிறது என்று மக்கள் அறிந்திருந்தார்கள். இதுபோலவே 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவில் சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு இரயில் விபத்துக்குள்ளானபோது, நம் மாநில அமைச்சர்கள் இருவர் அதிகாரிகளோடு அனுப்பப்பட்டார்கள். மொழி தெரியாத ஊரில் மருத்துவமனை மருத்துவமனையாகத் தேடித் தமிழர் யாரேனும் உளரா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதைச் செய்தால் படம் எடுத்துக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை.

மறுபடியும் எங்கள் 2023 டிசம்பருக்கு வருகிறேன். வெள்ளத்தின் மூன்றாம் நாள், 19-ஆம் தேதி, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் டெல்லியில் எதிர்க்கட்சிக் கூட்டணியின் கூட்டத்தில் இருந்தார். அன்றிரவே பிரதமரைச் சந்தித்து நிதி கேட்டார். 21-ஆம் தேதி தூத்துக்குடிக்கு வந்தார். அதற்கு முன்பே மாநில அமைச்சர்கள் மாவட்டங்களில் இருந்தார்கள். 22-ஆம் தேதி மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், 12-ஆம் தேதியே வானிலை எச்சரிக்கை தரப்பட்டது, முதலமைச்சர் டெல்லியில் கூட்டணிக் கூட்டத்தில் இருந்தார் என்று குற்றம் சாட்டினார். இவ்வளவு மழை என்று எச்சரிக்கையில் எங்கே சொன்னீர்கள் என்று மாநில அரசு திருப்பிக் கேட்டது. 26-ஆம் தேதி நிதியமைச்சரே தூத்துக்குடிக்கு வந்து பார்த்தார்.

வடக்கே மிக்ஜாம் புயல், தெற்கே இந்த வெள்ளம், இரண்டுக்கும் சேர்த்து மாநிலம் கேட்டது ஏறத்தாழ 37,900 கோடி ரூபாய். கிடைக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2024 ஏப்ரல் இறுதியில் மத்திய அரசு விடுவித்தது சுமார் 276 கோடி. தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு ஏப்ரல் 19-இலேயே முடிந்துவிட்டிருந்தது. கேட்டது மிகையா, கொடுத்தது குறைவா என்று கணக்குப் பார்க்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. இரு தரப்பாரும் தங்கள் ஆட்களை அனுப்பியது ஆற்றங்கரை மக்களைப் பார்க்க மட்டுமன்று. "நாங்கள் வந்தோம், அவர்கள்தாம் வரவில்லை, நாங்கள் கொடுத்தோம், அவர்கள்தாம் தரவில்லை" என்று பின்னால் சொல்வதற்குச் சாட்சியாகவும் அனுப்பினார்கள். எங்கள் அத்தையின் சேற்றுச் சுவர் அந்த வழக்கில் ஒரு சான்றுப் பொருள்.

வாக்கும் வரத்துக்காலும்

இதையெல்லாம் உணர்ச்சியால் மட்டும் பேசாமல் அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஷான் கோல், ஆண்ட்ரூ ஹீலி, எரிக் வெர்க்கர் ஆகிய மூவர் இந்திய மாநிலத் தேர்தல்களையும் மழை அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தார்கள். மழை மிகையாகவோ குறைவாகவோ போனால் ஆளுங்கட்சிக்கு வாக்குக் குறைகிறது. அதாவது, வானம் செய்த குற்றத்திற்கும் மக்கள் அரசைத் தண்டிக்கிறார்கள். அரசு சுறுசுறுப்பாக நிவாரணம் வழங்கினால் இழந்ததில் ஒரு பகுதி மட்டும் திரும்புகிறது. இது தெரிந்த எந்தக் கட்சி ஆளை அனுப்பாமல் இருக்கும்?

திமொத்தி பெஸ்லி, ராபின் பர்கெஸ் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, செய்தித்தாள் அதிகம் படிக்கப்படும் மாநிலங்களில், அதிலும் வட்டார மொழித் தாள்கள் பரவிய இடங்களில், அரசுகள் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் விரைந்து உதவின என்று காட்டுகிறது. தேநீர்க் கடையில் ஒரு தாளைப் பத்துப் பேர் பிரித்துப் படிக்கிறார்களே, அதுவும் ஒருவகையில் வெள்ளத் தடுப்புத்தான். இந்த இடத்தில் படத்திற்காக வருகிறவரை நான் அவ்வளவு இகழமாட்டேன். அச்சமே இல்லாத அரசன் வரவேமாட்டான்.

என்னைத் தூங்கவிடாதது மூன்றாவது ஆய்வு. ஹீலியும் நீல் மல்ஹோத்ராவும் அமெரிக்கத் தேர்தல்களை வைத்து 2009-இல் எழுதியது. பேரிடருக்குப் பின் கொடுக்கும் நிவாரணத்துக்கு மக்கள் வாக்களிக்கிறார்கள். பேரிடருக்கு முன் செய்யும் தடுப்பு வேலைக்கு வாக்களிப்பதில்லை. தடுப்புக்குச் செலவிடும் ஒரு டாலர், பின்னால் வரக்கூடிய ஏறத்தாழ பதினைந்து டாலர் சேதத்தைக் குறைக்கிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். பதினைந்து மடங்கு இலாபம் தரும் தொழிலை யாரும் செய்யவில்லை, ஏனெனில் அதற்குக் கைத்தட்டல் இல்லை! உடையாத குளத்தை யார் படம் எடுப்பார்கள்? தூர் வாரிய வரத்துக்காலின் கரையில் எந்தத் தலைவர் நின்று பாட்டியின் தோளைத் தொட முடியும்?

எங்கள் ராயகிரியும் மலையடிவாரத்தில் குளத்தை நம்பி வாழும் ஊர்தான். குடிமராமத்து என்று வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு கால்வாய்க்குப் போன காலத்தைத் தாத்தா சொல்லுவார். வராதவர் வீட்டுக்கு அபராதம் உண்டாம். மதுரையில் வையை பெருகியபோது வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டதும், வந்தி என்ற கிழவிக்காகச் சிவபெருமான் பிட்டுக்கு மண் சுமந்ததும் நாம் சிறுவயது முதல் கேட்ட கதை. அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அரசன் கரைக்கு நேரில் வருகிறான். எதற்கு? ஆறுதல் சொல்வதற்கன்று. எந்தப் பங்கு அடைபட்டிருக்கிறது, எந்தப் பங்கு அடைபடவில்லை என்று அளந்து பார்ப்பதற்கு. அவன் பிரம்பால் அடித்தது தவறு என்று உலகுக்கே வலித்தது. அது வேறு செய்தி. ஆனாலும் கரை உடையுமுன் வந்த ஆட்சியாளன் அவன்.

எங்கள் பாடத்தில் கணத்தாக்கு என்று ஒன்று உண்டு. விசையையும் அது செயல்படும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. விசை எவ்வளவு பெரிதாயினும் நேரம் மிகச் சிறிதானால் பொருள் அதிகம் நகராது. இருபது வண்டிகளோடு வந்த விசை இருபது நிமிடத்தில் திரும்பிப் போனபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. தோழிகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

குமரப்பாவின் கணக்கு

அரசியல்வாதிகள் துயர் துடைக்கப் போனதில் நான் படித்தவற்றுள் என் மனத்தைத் தொட்டது 1934-ஆம் ஆண்டுப் பீகார் நிகழ்ச்சி. அவ்வாண்டு ஜனவரி 15 அன்று அங்கே கடும் நிலநடுக்கம். அப்போது காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தென்னாட்டில் இருந்தார். 24-ஆம் தேதி நம் திருநெல்வேலியில் பேசியபோதுதான், இந்த நிலநடுக்கம் நம் பாவங்களுக்கு இறைவன் அளித்த தண்டனை என்ற தம் கருத்தை வெளியிட்டார். இரவீந்திரநாத் தாகூர் வெளிப்படையாக மறுத்தார். அறிவியல் மாணவியாகிய நான் தாகூர் பக்கம். பாவம் செய்தவர் எல்லா ஊரிலும் இருக்க, நிலம் பீகாரில் மட்டும் நடுங்குவானேன்?

சிறையிலிருந்த இராசேந்திர பிரசாத் இரண்டே நாளில் விடுவிக்கப்பட்டு, நோயுற்ற உடம்போடு நிவாரணக் குழுவைத் தொடங்கினார். நாடெங்கும் பணம் குவிந்தது. காங்கிரசுக்கு இதில் அரசியல் இலாபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆள்கிற வெள்ளையரைவிட நாங்கள் நன்றாக ஆளமுடியும் என்று காட்டுவதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு ஏது? அவ்வாண்டு இறுதியில் பம்பாயில் கூடிய மாநாட்டிற்கு இராசேந்திர பிரசாதே தலைவர்.

ஆனால் அந்த நிதியின் கணக்கைப் பார்க்க அனுப்பப்பட்டவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. இலண்டனில் கணக்கியல் பயின்றவர். தொண்டர்களின் சாப்பாட்டுச் செலவுக்கு நாளொன்றுக்குச் சில அணாக்கள் என்று வரையறுத்தார். காந்தியடிகள் தம் குழுவினரோடு பீகாருக்கு வந்தபோது, அவர்களுக்கான செலவை நிவாரண நிதியிலிருந்து தர இயலாது என்று குமரப்பா சொல்லிவிட்டார். காந்தி வந்ததால்தானே பணம் வருகிறது என்று வாதிட்டிருக்கலாம். வாதிட்டாலும் அவர் கேட்டிருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது. காந்தியும் அதை ஏற்றுக்கொண்டார்.

அரசியல் நோக்கமே இல்லாத தலைவரை நாம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கிடைக்கமாட்டார். அவரோடு கூட ஒரு குமரப்பா வருகிறாரா என்று பார்க்கலாம். வந்த வண்டிகளின் பெட்ரோல் எந்தக் கணக்கு? பொட்டலம் எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது? சொன்ன வாக்குறுதி எந்த ஏட்டில் பதிவாயிற்று? அந்தப் பாட்டி என்ன சொன்னாள் என்று யாராவது எழுதிக்கொண்டார்களா? நான் அருகில்தான் நின்றேன். யார் கையிலும் தாள் இல்லை. கேமரா மட்டுமே இருந்தது.

அன்று மாலை நான் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து முப்பத்தொரு மனுக்கள் எழுதினேன். குயர் தாள் தீரவில்லை, ஒரு பேனா தீர்ந்துவிட்டது. மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய், சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. எழுதத் தெரியாதவர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பெரியவர் ஆட்டின் நிறத்தைக்கூட எழுதச் சொன்னார். எழுதினேன்.

அத்தை குடும்பத்திற்கு அரசு அறிவித்த 6,000 ரூபாய் வந்தது. கொட்டிலில் கிடந்த மூன்று ஆடுகளுக்கும் பணம் வந்தது. ஆற்றோடு போன இரண்டுக்கு மட்டும் சான்று கேட்டார்கள். செத்த உடலைக் காட்டினால்தானே சான்று தரமுடியும், ஆற்றில் போனதை எங்கே போய்க் காட்டுவது என்று அத்தை கேட்டதற்குப் பதில் வரவில்லை. நான் மறுபடி எழுதினேன். பின்னும் ஒருமுறை எழுதினேன். மூன்று மனுவின் நகலும் என் பெட்டியில், இயற்பியல் செய்முறைப் பதிவேட்டுக்கு அடியில் இருக்கின்றன. போன பொங்கலுக்கு ஊருக்கு வந்த அத்தை, "அந்த ரெண்டு ஆட்டுக் கதை என்னாச்சு, மருமவளே?" என்று கேட்டாள்.